ஜெரமி லின் கதை வெறும் ரெண்டு வார அதிர்ஷ்டமா, இல்ல ஹார்வர்டுல ஆடும்போதே அந்த ஆட்டம் இருந்துச்சா?

கோவை பாயிண்ட் கார்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் காலேஜ் பாஸ்கெட்பால் டீம்ல பாயிண்ட் கார்டு, அதாவது பந்த கொண்டு போயி ஆட்டத்த நடத்துற ஆளு, இது கடைசி வருஷம். நேத்து ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு பெரிய சண்டை, கை கலக்கல, மத்தபடி எல்லாம் ஆச்சு. என் ரூம்மேட் சொல்றான், என்பிஏல, அதான் அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்ல, ஆடுன ஜெரமி லின் எல்லாம் ஒரு ஆளே இல்ல, 2012 பிப்ரவரியில ரெண்டு வாரம் நியூயார்க் நிக்ஸ் டீம்ல யாரும் இல்லாத நேரத்துல உள்ள வந்து பந்து விழுந்துச்சு, அப்புறம் காணாமப் போயிட்டாருன்னு. எனக்கு அது சரின்னு படல. ஆனா அவன் கேட்ட கேள்விக்கு பதிலும் சொல்ல முடியல. "அவ்ளோ நல்ல ஆளுன்னா டிராஃப்ட்ல ஏன்டா எவனும் எடுக்கல, ரெண்டு டீம் ஏன்டா தூக்கிப் போட்டுச்சு?" இதான் அவன் கேள்வி. (டிராஃப்ட்னா வருஷா வருஷம் என்பிஏ டீமுங்க புது ஆளுங்கள எடுக்குறது.)

லின்சானிட்டி, அதான் லின் பேரச் சொல்லி ஊரே பைத்தியமா இருந்த அந்த வாரங்க, நடந்தப்ப எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும், அதனால நேர்ல பாத்த ஞாபகம் எதுவும் இல்ல, யூட்யூப்ல கிளிப் பாத்ததோட சரி. கிளிப்ல போட்ட பாஸ்கெட் மட்டும்தான வரும், விட்ட பந்து வராதே. அதான் அந்த டைம்ல மேட்ச் பாத்தவங்க, ஆட்டம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. காலேஜ்லயே அவர்கிட்ட அது இருந்துச்சா? இருந்தா ஏன் எவனுக்கும் தெரியல? அப்புறம் ஏன் அவ்ளோ சீக்கிரம் முடிஞ்சுது? நான் அஞ்சடி ஒன்பது, என்னையும் செலக்‌ஷன்ல உயரம் பாத்தே ஒதுக்கி இருக்காங்க, அதனால இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம் மாதிரி.

ஃப்ளஷிங் பழைய வாசி எழுதியது:

தம்பி, நான் அப்ப நியூயார்க்ல குயின்ஸ்ல இருந்தேன், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில்லருந்து நடக்குற தூரம். அந்த ஏரியா பூரா தைவான், சீனாக்காரங்க கடைதான். அந்த மூணு வாரத்த நான் மறக்கவே மாட்டேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, பிப்ரவரி 4க்கு முன்னாடி நிக்ஸ் 23 மேட்ச்ல 15 தோத்திருந்தாங்க. கோச் மைக் டான்டோனிக்கு வேலை போயிடும்னு ஊரே பேசிட்டு இருந்துச்சு. அவரோட ஆட்டமே பாயிண்ட் கார்ட வெச்சு ஓடுற ஆட்டம், முன்னாடி ஃபீனிக்ஸ்ல ஸ்டீவ் நாஷ வெச்சு அத ஆடுனவர், ஆனா இங்க அந்த இடத்துல சரியான ஆளே இல்ல, பேரன் டேவிஸ் முதுகு வலியில உக்காந்திருந்தார். லின் பெஞ்சுல கடைசி ஆளு. அவரோட கான்ட்ராக்ட் பிப்ரவரி 10 தாண்டினாதான் அந்த சீசன் முழுக்க உறுதியாகும், அதுக்குள்ள அனுப்பிடலாம்னுதான் யோசனை ஓடிட்டு இருந்துச்சு. மனுஷன் சொந்தமா வீடு கூட எடுக்கல, லோயர் ஈஸ்ட் சைடுல அண்ணன் வீட்டு சோஃபாவுல படுத்துட்டு இருந்தாரு. பிப்ரவரி 4 நெட்ஸ் டீம் கூட ஆடுன மேட்சுக்கு முந்தின ராத்திரி அந்த சோஃபாவும் கிடைக்கல, டீம்மேட் லேண்ட்ரி ஃபீல்ட்ஸ் வீட்டு சோஃபால படுத்தாரு.

மறுநாள் நெட்ஸ் மேட்ச்ல 25 பாயிண்ட், 7 அசிஸ்ட், அதாவது இன்னொருத்தர் பாஸ்கெட் போடக் கொடுத்த பாஸ். ஹாஃப் டைம்ல டீமோட பெரிய ஸ்டார் கார்மெலோ ஆந்தனியே கோச்கிட்ட போய் இந்தப் பையன இன்னும் ஆட விடுங்கன்னு சொன்னதா பின்னாடி வெளிய வந்துச்சு. அடுத்து யூட்டா கூட முதல் தடவையா ஸ்டார்ட் பண்றாரு, அதாவது ஆரம்பத்துலயே இறங்குற அஞ்சு பேர்ல ஒருத்தரா, 28 பாயிண்ட். ஸ்டவுடமையரோட அண்ணன் இறந்துட்டதால அவரு அந்த மேட்ச்ல இல்ல, கார்மெலோ வேற மேட்ச் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அடிபட்டு வெளிய போயிட்டாரு. அதாவது டீமோட ரெண்டு பெரிய ஆளும் இல்லாம ஜெயிச்சாங்க. உங்க ரூம்மேட் சொல்ற "யாரும் இல்லாத நேரம்" உண்மைதான், ஆனா யாரும் இல்லாத டீம் தோக்கணும்ல தம்பி? அப்புறம் வாஷிங்டன் கூட 23, லேக்கர்ஸ் கூட 38, மினசோட்டா கூட 20.

லேக்கர்ஸ் மேட்சுக்கு முன்னாடி கோபி பிரையன்ட்கிட்ட லின் பத்திக் கேட்டப்ப, நீங்க என்ன பேசுறீங்கன்னே எனக்குப் புரியலங்கற மாதிரி பதில் சொன்னாரு. மேட்ச்ல கோபி 34, லின் 38. மேட்ச் முடிஞ்சு அதே கோபி சொன்னதுதான் முக்கியம், யாரும் திடீர்னு எங்கிருந்தோ முளைச்சு வர்றதில்ல, பின்னாடி திரும்பிப் பாத்தீங்கன்னா திறமை ஆரம்பத்துலருந்தே இருந்திருக்கும், யார் கண்ணுலயும் படல அவ்ளோதான்னு. உங்க ரூம்மேட்டுக்கு இத சொல்லுங்க.

இப்ப டொரான்டோ மேட்ச், பிப்ரவரி 14. அந்த சமயத்துல எங்க கேபிள் கம்பெனிக்கும் நிக்ஸ் மேட்ச் காட்டுற சேனலுக்கும் பணத் தகராறு, ஜனவரி 1லருந்து சேனலையே நிறுத்திட்டாங்க, ஊர் டீம் ஆடுது, ஊர்ல பாதிப் பேருக்குப் பாக்க முடியல. எங்க தெருமுனையில ஒரு தைவான்காரம்மா நூடுல்ஸ் கடை, அவங்க கடையில டிஷ் ஆன்டெனா. வெளிய குளிர் எலும்பைக் குத்துது, உள்ள நிக்க இடமில்ல, சூப் ஆவியில கண்ணாடி எல்லாம் மங்கிப் போயிருக்கு, நான் கையில பிளாஸ்டிக் கிண்ணத்தோட சுவத்த ஒட்டி நிக்கிறேன். ஸ்கோர் 87க்கு 87. அந்த சமநிலைய கொண்டு வந்ததே லின்தான், உள்ள பூந்து பாஸ்கெட் போட்டு ஃபவுலும் வாங்கி. கடைசிப் பந்து கைக்கு வந்ததும் கோச் டைம் அவுட் கேக்கல, நீயே பாத்துக்கன்னு விட்டுட்டாரு. லின் நடுக்கோட்டுப் பக்கம் நின்னு பந்த தட்டிட்டே இருக்காரு, எதிர்ல கால்டெரான். பத்து செகண்ட், எட்டு, ஆறு, இன்னும் நகரல. கடையில ஒரு சத்தம் இல்ல. அப்புறம் ரெண்டு அடி முன்ன வந்து அங்கிருந்தே மூணு பாயிண்ட்டுக்கு எறிஞ்சாரு, உள்ள போனப்ப அரை செகண்ட்தான் மிச்சம். 90க்கு 87. ஒரு வயசான தாத்தா, எனக்கு அவர் பாஷை தெரியாது அவருக்கு என் பாஷை தெரியாது, என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு குலுக்குறாரு, கண்ணு கலங்கி இருக்கு. அந்தக் கடைக்காரம்மா அன்னிக்கு யார்கிட்டயும் சூப்புக்குக் காசு வாங்கல.

மூணு நாள் கழிச்சு கேபிள் தகராறும் தீந்துச்சு. லின்னாலதான் தீந்துச்சுன்னு எங்க பில்டிங்ல எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நம்புறேன்.

நம்பர் பாக்குறவன் எழுதியது:

அண்ணன் மேட்ச் பத்தி எழுதிட்டாரு, நான் காலேஜ் பகுதிக்கு வரேன், கேள்வியே அதுதான.

ஹார்வர்டுக்கு முன்னாடி ஹைஸ்கூல்லயே இது ஆரம்பிச்சிடுச்சு. கலிஃபோர்னியா பாலோ ஆல்டோ ஸ்கூல் கேப்டன், கடைசி வருஷம் 33 மேட்ச்ல 32 ஜெயிச்சாங்க, ஸ்டேட் ஃபைனல்ல மேட்டர் டேங்கற பெரிய டீம 51-47னு சாய்ச்சாங்க. ஸ்கூலுக்கு எதிர்ல ரோட்டத் தாண்டினா ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி. ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்குற யுனிவர்சிட்டியே அவருக்கு ஸ்காலர்ஷிப் தரல! தான் ஆடுன ஆட்டத்த டிவிடி போட்டு ஒவ்வொரு காலேஜா அனுப்பினாரு, டீம்ல இடம் உறுதின்னு சொன்னது ஹார்வர்டும் பிரவுனும் மட்டும்தான். ஹார்வர்டு, பிரவுன் மாதிரி பழைய யுனிவர்சிட்டிங்க சேந்த ஐவி லீக்ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, அதையும் சேத்துப் பாருங்க.

ஹார்வர்டுல படிச்சது எகனாமிக்ஸ். கடைசி வருஷம் சராசரி 16.4 பாயிண்ட், 4.4 ரீபவுண்ட், 4.5 அசிஸ்ட், 2.4 ஸ்டீல். இந்த ஸ்டீலயும் ரீபவுண்டயும் கவனிங்க, பாயிண்ட் கார்டு ஒருத்தன் எதிராளிகிட்டருந்து இவ்ளோ பந்து புடுங்குறான், உள்ள போகாம திரும்புற பந்த எடுக்குறான்னா உடம்புல வேகமும் பலமும் இருக்குன்னு அர்த்தம். சின்ன டீம் கூட ஆடி சேத்த நம்பர்னு சொல்லுவாங்க, அதுக்கும் பதில் இருக்கு. 2009 டிசம்பர்ல கனெக்டிகட் கூட, நாட்டுலயே பெரிய டீம்ல ஒண்ணு, 30 பாயிண்ட் 9 ரீபவுண்ட் எடுத்தாரு, மேட்ச் 79-73னு தோத்தாங்க. அடுத்த மேட்ச்லயே பாஸ்டன் காலேஜ அவங்க ஊர்லயே ஜெயிச்சாங்க, இவர் 25. அந்த சீசன் ஹார்வர்டு 21 மேட்ச் ஜெயிச்சுது, அதுவரைக்கும் அவங்க ஸ்கூல் வரலாத்துலயே அதிகம்.

2010 டிராஃப்ட்ல 60 பேர எடுத்தாங்க, இவர் பேரு வரல. ஆனா யாருமே கண்டுபிடிக்கலன்னு சொல்ல முடியாது. டிராஃப்டுக்கு முன்னாடியே ஒரிகன்ல கூரியர் வண்டி ஓட்டுற ஒருத்தர், காலேஜ் நம்பர மட்டும் வெச்சு, ரெண்டு பாயிண்ட் ஷாட் எத்தன சதவீதம் போகுது, ரீபவுண்ட் ஸ்டீல் பிளாக் சேத்தா எவ்ளோ வருதுன்னு கணக்குப் போட்டு, லின் என்பிஏல நல்ல பாயிண்ட் கார்டா வருவாருன்னு எழுதி வெச்சாரு. ஹூஸ்டன் டீம் மேனேஜர் டேரில் மோரே வெச்சிருந்த கணக்குலயும் லின் மேல இருந்தாரு, அதையும் மீறி அவங்க எடுக்கல, 2011 டிசம்பர்ல கையில கிடைச்சும் ரெண்டே வாரத்துல, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெளிய விட்டாங்க. லின்சானிட்டி ஆரம்பிச்சதும், அவர வெச்சிருந்திருக்கணும், இவ்ளோ நல்லா ஆடுவாருன்னு தெரியலன்னு மோரே வெளிப்படையாவே ட்விட்டர்ல எழுதிட்டாரு.

அப்ப ஏன் கண்ணுல படல? ஆசிய முகம். நான் இத சுத்தி வளைக்க விரும்பல. காலேஜ் மேட்ச்லயே எதிர் டீம் ஆளுங்களும் கேலரியில இருந்தவங்களும் இனத்தச் சொல்லித் திட்டி இருக்காங்க, லின் அத பின்னாடி பல இடத்துல பேசி இருக்காரு. ஆறடி மூணு அங்குலம், நல்ல வேகம், இதே உடம்பு வேற முகத்தோட இருந்தா துடிப்பான ஆட்டக்காரன்னு எழுதி இருப்பாங்க, இவர புத்திசாலிப் பையன்னு எழுதினாங்க. கணக்கு சொல்றத கண்ணு நம்பல, நடந்தது அதான்.

இன்னொரு நம்பர் ரூம்மேட்டுக்கு. முதல் அஞ்சு ஸ்டார்ட்ல 136 பாயிண்ட். 1976ல என்பிஏவும் இன்னொரு லீக்கும் ஒண்ணா சேந்ததுக்கு அப்புறம் யாருமே எடுக்காதது, ஷகில் ஓ'நீல் உட்பட. அதிர்ஷ்டம் ஒரு மேட்ச் வரும், ரெண்டு மேட்ச் வரும்.

சேலத்துக்காரன் எழுதியது:

நல்ல திரி. ஒரே ஒரு தகவல் சேக்குறேன், லின்னுக்கு முன்னாடி ஹார்வர்டுல படிச்சு என்பிஏ ஆடுன ஆளு 1953-54 சீசன்ல தான். இடையில ஐம்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒருத்தர் கூட இல்ல. டீமுக்கு ஆள் தேடுற ஸ்கவுட்டுங்க அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

ஓய்வு கோச் எழுதியது:

தம்பி, நான் முப்பது வருஷம் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக் கொடுத்தவன். ஆட்டத்த மட்டும் பேசுறேன்.

லின் நிக்ஸ்ல பண்ணது ஒரே ஒரு விஷயத்த திரும்பத் திரும்ப. உயரமான டைசன் சாண்ட்லர் வந்து ஸ்கிரீன் போடுவாரு, அதாவது லின்ன காவல் காக்குறவன் வழிய மறிச்சு அசையாம நிப்பாரு, லின் அவர் தோள உரசிட்டுப் போவாரு. உரசிட்டுன்னு சொன்னேன் பாருங்க, அந்த இடைவெளியில ஒரு பேப்பர் கூட நுழையக் கூடாது, நம்ம பசங்க அங்கதான் ஒரு அடி தள்ளிப் போயி கெடுப்பாங்க. லின்ன காவல் காத்தவன் ஸ்கிரீன்ல மாட்டிக்குவான், இப்ப சாண்ட்லர காவல் காத்த உயரமான ஆளு முடிவு பண்ணணும், லின் மேல பாயணுமா, சாண்ட்லர் கூடவே போகணுமா. பாஞ்சா பந்து மேல தூக்கி எறியப்படும், சாண்ட்லர் ரிங்குக்கு மேலயே புடிச்சு உள்ள போடுவாரு. பாயலன்னா லின் நேரா உள்ள போயி லே-அப், அதாவது ரிங்குக்குப் பக்கத்துல போயி பந்த உள்ள போடுறது. அந்த அரை செகண்ட் தயக்கத்துலதான் அவரோட ஆட்டமே இருந்துச்சு. முதல் ரெண்டு ஸ்டெப் அவ்ளோ வேகம். லேக்கர்ஸ் மேட்ச்ல டெரெக் ஃபிஷர சுத்திட்டு உள்ள போனத பசங்களுக்கு எத்தன தடவ போட்டுக் காட்டி இருப்பேன்!

குறை இல்லையான்னா இருந்துச்சு. இடது கைப் பக்கம் பலவீனம், பந்த விடுறது அதிகம். நியூ ஆர்லியன்ஸ் கூட 9 டர்ன் ஓவர், ஏழு மேட்ச் தொடர் வெற்றி அங்க நின்னுச்சு. பிப்ரவரி 23 மயாமி கூட ஆடுனப்ப அவங்க ஸ்கிரீன் வர்றதுக்குள்ளயே ரெண்டு பேரா வந்து மடக்கினாங்க, 11 ஷாட்ல ஒண்ணுதான் போச்சு, 8 டர்ன் ஓவர். எல்லா நல்ல கார்டுக்கும் இந்த நாள் வரும், அதுக்கு அடுத்த வருஷம் பதில் கண்டுபிடிப்பான். இவருக்கு அந்த அடுத்த வருஷம் அதே டீம்ல, அதே கோச்கிட்ட கிடைக்கல. மார்ச் 14ல டான்டோனி விலகிட்டாரு, அப்புறம் வந்த மைக் வுட்சன் பந்த கார்மெலோ கையில கொடுத்து ஆடுறவரு. பாயிண்ட் கார்டுங்கறவன் கோச்சோட கையி மாதிரி. கோச் மாறினா கை மாறும்.

அடுத்து ஹூஸ்டன். மூணு வருஷத்துக்கு 2.5 கோடி டாலருக்கு மேல தரேன்னாங்க, நிக்ஸ் அதுக்கு ஈடு கொடுக்கல, விட்டுட்டாங்க. போன கொஞ்ச மாசத்துலயே பந்த தன் கையிலயே வெச்சு ஆடுற ஜேம்ஸ் ஹார்டனையும் ஹூஸ்டன் வாங்கிட்டாங்க, அப்ப பந்து யார் கையில இருக்கும்? ஆனாலும் முதல் சீசன் 82 மேட்சும் ஸ்டார்ட் பண்ணாரு, சராசரி 13.4 பாயிண்ட், 6.1 அசிஸ்ட். இத போயி காணாமப் போனவர்னு சொல்லலாமா? மொத்தம் 480 மேட்ச் ஆடி இருக்காரு, சராசரி 11.6.

எனக்கு ரொம்ப வலிச்சது 2014ல. கார்மெலோவ இழுக்கணும்னு ஹூஸ்டன் ஸ்டேடியத்துல பெரிய படம் வெச்சாங்க, கார்மெலோ ஹூஸ்டன் ஜெர்சி போட்ட மாதிரி, நம்பர் 7. அந்த 7 அப்ப லின் போட்டுட்டு இருந்த நம்பர். இன்னும் அந்த டீம்லதான் இருக்காரு மனுஷன். ஒரு ஸ்கூல் டீம்ல கூட நான் இப்படி ஒரு பையனுக்குப் பண்ண மாட்டேன்.

முட்டி டாக்டரம்மா எழுதியது:

நான் டாக்டர் இல்லீங்க, பிசியோதெரபிஸ்ட், இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. "ஏன் சீக்கிரம் முடிஞ்சுது"ங்கற கேள்விக்கு கோச் ஐயா பாதி சொல்லிட்டாரு, மீதி முட்டி.

2012 மார்ச் கடைசியிலயே இடது முட்டியில மெனிஸ்கஸ் கிழிஞ்சது தெரிய வந்துச்சு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்குமே, அது. ஏப்ரல்ல ஆபரேஷன், சீசன் அதோட முடிஞ்சுது. அதாவது லின்சானிட்டி மொத்தமே ரெண்டு மாசம் கூட இல்ல. பிளே-ஆஃப்ல நிக்ஸ் மயாமிகிட்ட தோத்துட்டு இருக்கும்போது இவர் ஆடி இருக்கலாம்னு நிறைய பேர் பேசினாங்க, எனக்கு அது பிடிக்கல. ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆச்சு, பக்கவாட்டுல வெட்டித் திரும்பி ஓடுறதே வேலையா இருக்குற ஆளு.

அடுத்தது இன்னும் மோசம். 2016ல புரூக்ளின் போனாரு, அங்க கோச் கென்னி அட்கின்சன், நிக்ஸ்ல இவர் கூட தனியா உழைச்ச அதே ஆளு. மறுபடியும் பந்து கைக்கு வந்துச்சு. முதல் சீசன் தொடைத் தசை இழுத்து 36 மேட்ச்தான் ஆட முடிஞ்சுது. ரெண்டாவது சீசன், 2017 அக்டோபர் 18, முதல் மேட்ச்லயே லே-அப் போட்டு இறங்கும்போது வலது முட்டிய புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. முட்டிச் சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் சேக்குற தசைநார் அப்படியே அறுந்து போச்சு. அந்த வீடியோவுல அவர் வாய் அசையிறது தெரியும், முடிஞ்சுது, முடிஞ்சுதுன்னு அழுவாரு. எங்கிட்ட வர்ற பிள்ளைங்க கிட்ட இதே அழுகைய நான் பாத்திருக்கேன், அதனால அந்த வீடியோவ ரெண்டாவது தடவ பாக்கல. முதல் ரெண்டு ஸ்டெப் வேகம்தான் இவரோட சொத்துன்னு கோச் ஐயா சொன்னாரே, எம்பிக் குதிக்கிறதும் விருட்டுன்னு கிளம்புறதும் அந்த நார நம்பித்தான். ஒரு முழு வருஷம் போயிடுச்சு, வயசும் முப்பத நெருங்கிடுச்சு.

2019ல டொரான்டோ டீமோட சாம்பியன் மோதிரம் வாங்கினாரு, அத வாங்கின முதல் ஆசிய அமெரிக்கர், ஆனா ஃபைனல்ல முழுசா ஒரு நிமிஷம் கூட ஆடல. அதுக்கப்புறம் தைவான்ல ஒரு மேடையில, என்பிஏ என்னைக் கைவிட்டுட்ட மாதிரி இருக்குன்னு சொல்லி உடைஞ்சு அழுதாரு.

ஃப்ளஷிங் பழைய வாசி எழுதியது:

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லிடுங்கம்மா. பெய்ஜிங்ல ஒரு சீசன் நல்லா ஆடிட்டு, என்பிஏக்குள்ள திரும்ப வரணும்னு 2021ல சின்ன லீக்ல போயி ஆடுனாரு, அந்த வயசுல, அவ்ளோ பேர் எடுத்ததுக்கு அப்புறமும். அங்க ஒரு ஆளு கோர்ட்லயே அவர கொரோனாவைரஸ்னு கூப்பிட்டான். யாருன்னு லின் வெளிய சொல்லல. அப்புறம் அப்பா அம்மாவோட ஊரான தைவான் போயி ஆடுனாரு, நியூ தைபே டீம்ல தம்பி ஜோசஃப் கூட சேந்து. 2025ல அந்த டீம் லீக் சாம்பியன். அந்த ஆகஸ்ட்லதான் ரிட்டயர் ஆனாரு.

கோவை பாயிண்ட் கார்டு எழுதியது:

அண்ணா, அக்கா, கோச் ஐயா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொத்தத்தையும் ரூம்மேட்டுக்குப் படிச்சுக் காட்டினேன். 136 பாயிண்ட்ல அமைதியாயிட்டான், அந்த நம்பர் 7 விஷயம் கேட்டதும் எழுந்து உக்காந்துட்டான். இப்ப கனெக்டிகட் மேட்ச தேடிட்டு இருக்கான், கிளிப் வேணாம், முழு மேட்ச் வேணும்ங்கறான்.

கோச் ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஸ்கிரீன்ல தோள உரசிட்டுப் போகணும்னு சொன்னீங்க, நான் போனா ஸ்கிரீன் போடுற எங்க சென்டர், டீம்லயே உயரமான ஆளு, நகந்துடுறான், மூவிங் ஸ்கிரீன்னு விசில் விழுது. தப்பு என் மேலயா அவன் மேலயா?

ஓய்வு கோச் எழுதியது:

பெரும்பாலும் உன் மேலதான் இருக்கும் தம்பி. அவன் ரெண்டு காலையும் ஊன்றதுக்கு முன்னாடியே நீ கிளம்பிடுற. டொரான்டோ மேட்ச்ல லின் எவ்ளோ நேரம் நின்ன இடத்துலயே பந்த தட்டினாருன்னு அண்ணன் எழுதி இருக்காரு பாரு. நாளைக்கு பிராக்டிஸ்ல சென்டர் கால் ஊனினதும் "போ"ன்னு அவன வாய்விட்டு சொல்லச் சொல்லு, அந்த சத்தம் கேட்ட பிறகுதான் உன் முதல் ஸ்டெப். ஒரு வாரம் பண்ணிட்டு இங்க வந்து எழுது.